கீசர் சுடவில்லை: பிழை எங்கே என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

கீசர் சுடவில்லை என்றாலே "காயில் போயிருச்சு" என்பதுதான் முதலில் எழும் பேச்சு. பல நேரம் காயில் நன்றாகவே இருக்கும். பிளக் கருகியிருக்கும், சூடு மீறினால் மின்சாரத்தை அறுக்கும் கட்அவுட் விழுந்திருக்கும், அல்லது தொட்டி நிறைய வெந்நீர் இருந்தும் குழாயில் எங்கோ பச்சைத் தண்ணீர் கலந்து வந்துகொண்டிருக்கும். காயில் உண்மையிலேயே போயிருந்தாலும், அது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். ஆகவே வெளியிலிருந்து உள்ளே, குழாயிலிருந்தும் பிளக்கிலிருந்தும் தொடங்கி, மூடியைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

இங்கே சொல்வது நம் வீடுகளில் அதிகம் இருக்கும் சுவர்க் கீசருக்கு: 15 அல்லது 25 லிட்டர் தொட்டி, 2000 வாட் காயில். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகைக்குத் தனியே ஒரு பகுதி உண்டு.

முதலில் சில எண்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் காயில் இழுக்கும் மின்சாரம் 8.7 ஆம்பியர். காயிலின் தடை சுமார் 26 ஓம். 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏற 18 முதல் 20 நிமிடம் ஆகும். 25 லிட்டருக்கு அரை மணி நேரம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் தை மாதம் தண்ணீரே 12 டிகிரியில் வந்தால் 15 லிட்டருக்கு 25 நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் சுடவில்லை என்றால் அது பிழையே இல்லை. இன்னும் நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

தொடுவதற்கு முன்

சுவரில் உள்ள ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்பெட்டியில் உள்ள தானியங்கி ஸ்விட்ச்சான எம்.சி.பி.யையும் இறக்கி, பிளக்கையும் உருவிவிடுங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக வயர் கொடுத்திருந்தால், மூடியைக் கழற்றியதும் பேஸ், நியூட்ரல் இரண்டு முனையிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வைக்கக் காரணம் உண்டு. வழியில் நியூட்ரல் அறுந்திருந்தால், காயில் வழியாகச் சுற்றி வந்த பேஸ் நியூட்ரல் முனையிலும் நிற்கும். டெஸ்டர் இரண்டு பக்கமும் எரியும். ஈரக்கையோடும் ஈரத்தரையில் வெறுங்காலோடும் இந்த வேலையில் இறங்கவே கூடாது. மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டிய இடம் வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விளக்கே எரியவில்லை

எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பிளக்கை உருவி அதன் பின்களைப் பாருங்கள். மஞ்சளாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால், சாக்கெட்டின் துளை உருகி நெளிந்திருந்தால், தேடியது கிடைத்துவிட்டது. சாக்கெட்டின் பிடி தளர்ந்துபோனால் தொடும் இடத்தில் தடை கூடும். அந்த ஒரு புள்ளியில் 8.7 ஆம்பியர் தினமும் அரை மணி ஓடினால் சூடு ஏறி, பிடி இன்னும் தளரும். பிளக்கை மட்டும் மாற்றுவது பயன் தராது. சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கருகிய வயர் நுனியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை தோலை உரித்துத் திருகில் இறுக்குங்கள். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது இந்தச் சுமைக்கு ஏற்ற சேர்க்கை. 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுப்பின் போட்டு கீசரை ஓட்டுவது வீட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொள்வதுதான்.

சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று சோதிக்கும்போது டெஸ்டரையோ சின்ன எல்.இ.டி. பல்பையோ நம்பாதீர்கள். அரைகுறைப் பிடியிலும் சின்ன பல்பு பளிச்சென்று எரியும். 6 ஆம்பியர் பின்னும் செருகக்கூடிய சாக்கெட்டாக இருந்தால் அயர்ன் பாக்ஸைச் செருகிப் பாருங்கள். 1000 வாட் சுமையைத் தாங்கிச் சூடேறினால்தான் இணைப்பு சரி.

சாக்கெட் சரி, விளக்கு மட்டும் இல்லை என்றால் கட்அவுட். தேவையான சூடு வந்ததும் காயிலை அணைக்கும் தெர்மோஸ்டாட் தவறினாலும் தண்ணீர் கொதிநிலைக்குப் போய்விடாமல் மின்சாரத்தை அறுக்கும் பாதுகாப்பு இது. பல மாடல்களில் கீழ் மூடிக்குள், காயில் முனைகளுக்குப் பக்கத்தில், நடுவில் சின்னப் பொத்தானோடு இருக்கும். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். "டிக்" என்று சத்தம் வந்தால் அது விழுந்திருந்தது என்று பொருள். தொட்டி சூடாக இருக்கும்போது அழுத்தினால் நிற்காது. ஆறவிட்டு அழுத்த வேண்டும்.

ஒரு முறை விழுந்தால் பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டலாம். மறுபடி விழுந்தால் கட்அவுட்டின் மேல் கோபப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு அணையாமல் கிடக்கும், அல்லது காயில் மேல் உப்பு கனமாகப் படிந்து அந்த இடம் மட்டும் அதிகச் சூடாகும். கட்அவுட்டை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி "டைரக்ட்" கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் இல்லாத கீசர், பாதுகாப்பு வால்வும் அடைத்துக்கொண்டால், மூடிய பாத்திரத்தில் நீராவியைச் சேர்த்துக்கொண்டே போகும். தொட்டி வெடித்து உயிர் போவது இப்படித்தான்.

பவர் விளக்கு எரிகிறது, சுடும் விளக்கு எரியவில்லை, தண்ணீர் பச்சையாகவே வருகிறது

இரண்டு விளக்கு உள்ள மாடல்களில் ஒன்று மின்சாரம் வந்திருப்பதையும் மற்றொன்று காயில் ஓடுவதையும் காட்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தும் இரண்டாவது விளக்கு எரியவில்லை என்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். முதலில் வெளியே உள்ள குமிழைப் பாருங்கள். யாராவது துடைக்கும்போது குறைந்த அளவுக்குத் திருப்பியிருக்கலாம்.

நம் கீசர்களில் பெரும்பாலும் இருப்பது குச்சி வகை தெர்மோஸ்டாட். காயிலோடு சேர்ந்த ஒரு குழாய்க்குள் அதன் குச்சி நுழைந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, அதன் இரண்டு முனைகளையும் தொடுங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது பூஜ்யத்துக்கு அருகில் காட்ட வேண்டும். எண் எதுவும் வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் மாற்றிவிடுங்கள். இதைப் பழுதுபார்த்து ஓட்டுவது பாதுகாப்பில்லை. வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். குச்சியின் நீளம் ஒத்துப்போக வேண்டும். குட்டையான குச்சி தண்ணீரின் உண்மையான சூட்டை உணராது. நீளமானது முழுக்க உள்ளே போகாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு விளக்கும் எரிகிறது, ஒரு மணி நேரமாகியும் துளிச் சூடு இல்லை

காயில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மூடியைக் கழற்றாமலே இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது: இ.பி. மீட்டர். வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், ஏ.சி., மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போடுங்கள். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் சின்ன விளக்குக்குப் பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 2000 வாட் கீசர் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 107 முறை சிமிட்டும், அதாவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. கீசர் போட்டும் அணைத்தும் சிமிட்டும் வேகம் மாறவில்லை என்றால் காயிலுக்குள் மின்சாரம் ஓடவில்லை. வேகமாகச் சிமிட்டினால் காயில் ஓடுகிறது, தண்ணீர் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது; நீங்கள் தேட வேண்டியது குழாய்ப் பக்கம். மல்டிமீட்டர் இல்லாத வீட்டில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

காயிலை அளப்பது: மின்சாரத்தைத் துண்டித்து, காயிலின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் காட்டி விளக்கின் தடையும் சேர்ந்து குழப்பும். 2000 வாட்டுக்கு 26 ஓம், 3000 வாட்டுக்கு 17 அல்லது 18 ஓம் அருகில் வந்தால் காயில் அறுபடவில்லை. எண்ணே வரவில்லை என்றால் அறுந்துவிட்டது. காயில் சரியாக இருந்தும் மின்சாரம் ஓடவில்லை என்றால் முனைத் திருகுகளைப் பாருங்கள். தளர்ந்த திருகின் கீழ் வயர் கருகி, பார்வைக்கு மாட்டியிருப்பது போலவே நிற்கும்.

தொட்டி சூடு, குழாயில் வெதுவெதுப்பு

பழுதே இல்லாத கீசரைப் பிரித்துப் போடவைப்பது பெரும்பாலும் இந்த அறிகுறிதான். சோதனை எளிது. கீசரை அணைத்துவிட்டு, கீசருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வழியில் உள்ள வால்வை மூடுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சில நொடியில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் கீசர் வழியாக வரவில்லை. எங்கோ பச்சைத் தண்ணீர்க் குழாய் வெந்நீர்க் குழாயோடு கலக்கிறது.

எங்கே கலக்கும்? வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாயான மிக்ஸரின் இரண்டு கைப்பிடியையும் திறந்துவைத்துவிட்டு, தண்ணீரை கைஷவரின் விசையில் மட்டும் நிறுத்திவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வெளியே போக வழியில்லாத பச்சைத் தண்ணீர் மிக்ஸருக்குள்ளேயே வெந்நீர்ப் பக்கம் ஏறிவிடும். கைப்பிடிகளை மூடினால் பிரச்சினை அத்தோடு தீரும். அப்படி எதுவும் இல்லை என்றால் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருக்கும். ஒரே கீசரிலிருந்து இரண்டு குளியலறைக்கு லைன் போனால், பிழை பக்கத்து அறை மிக்ஸரில்கூட இருக்கலாம்.

வால்வை மூடியதும் தண்ணீர் நின்றுவிட்டது, ஆனாலும் ஒரு சொம்பு வெந்நீருக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் வருகிறது. கீசரும் புதிதாக மாட்டியது. அப்படியானால் இரண்டு குழாயும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நீல வளையம் உள்ளே போகும் வழி, சிவப்பு வெளியே வரும் வழி. நிமிர்ந்து தொங்கும் கீசரில் இரண்டும் அடியில்தான் தெரியும். ஆனால் உள்ளே சிவப்புப் பக்கத்தின் குழாய் தொட்டியின் உச்சிவரை போகும், ஏனென்றால் வெந்நீர் மேலேதான் நிற்கும். மாற்றிக் கொடுத்தால் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீரே முதலில் வெளியே வரும். பழைய கீசரில் இதே அறிகுறி வந்தால், உள்ளே உச்சிவரை போகும் அந்தக் குழாய் அரித்து உடைந்திருக்கலாம்.

முன்பெல்லாம் நன்றாகச் சுட்டது, இப்போது சுடுவது குறைந்துவிட்டது

இரண்டு காரணங்களில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: வோல்ட்டேஜ், உப்பு.

வோல்ட்டேஜ் குறைந்தால் சூடு அதே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட அதிகமாகக் குறையும். 180 வோல்ட்டில் 2000 வாட் காயில் தருவது 1225 வாட்தான். 18 நிமிடத்தில் சுட்ட தண்ணீருக்கு அரை மணி நேரம் ஆகும். காலை ஆறு மணிக்கு ஊரே மோட்டார் போடும் நேரத்தில் சுடாமல், மதியம் நன்றாகச் சுட்டால், பிழை கீசரில் இல்லை.

உப்பு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடானதும் பிரிந்து வெந்த இடத்தில் படியும். மிக அதிகம் வெந்த இடம் காயிலின் உறை. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக் கீசரையும், சென்னைப் புறநகரில் போர் தண்ணீரில் ஓடும் கீசரையும் திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே வயதுடையவை என்று நம்பவே முடியாது. படிவு சூட்டைத் தடுக்கிறது, அதனால் கரண்ட் வீணாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். காயில் தண்ணீருக்குள்தான் இருக்கிறது; அதன் சூடு எப்படியும் தண்ணீருக்கே போகும். உண்மையான கெடுதல் வேறு. படிவுக்குள் அடைபட்ட உறை மிகச் சூடாகி வெடிப்பு விடும். காயிலை ஒட்டி நிற்கும் தெர்மோஸ்டாட் குச்சியையும் படிவு சூழ்ந்துகொள்ளும். குச்சி சீக்கிரமே சூடாகி, தொட்டித் தண்ணீர் சுடுவதற்கு முன்பே காயிலை அணைத்துவிடும். விளக்கு பத்து நிமிடத்தில் அணைகிறது, தண்ணீரோ வெதுவெதுப்புதான் என்றால் உள்ளே உப்புக் கட்டி இருக்கிறது. சுடும்போது கடகடவென்று சத்தம் வருவதும் இதன் அடையாளம்.

போட்டதும் ட்ரிப் ஆகிறது, அல்லது குழாயைத் தொட்டால் ஷாக்

ஷாக் அடித்தால் அந்த நிமிடமே கீசரை நிறுத்துங்கள். காயிலில் கசிவு இருக்கிறது, அதோடு எர்த்தும் வேலை செய்யவில்லை. எர்த் சரியாக இருந்திருந்தால் கசிவு அதன் வழியே போயிருக்கும், ஷாக் அடித்திருக்காது. காயிலை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

விழுவது எம்.சி.பி.யா, கசிவைக் கண்டால் மின்சாரத்தை அறுக்கும் ஆர்.சி.சி.பி.யா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்தால் கசிவு. காயிலின் இரண்டு வயரையும் கழற்றி, நுனிகளைத் தனித்தனியே டேப் சுற்றி, மூடியை மாட்டிவிட்டுப் போட்டுப் பாருங்கள். இப்போது விழவில்லை என்றால் குற்றவாளி காயில். மல்டிமீட்டரில் காயில் முனைக்கும் தொட்டி உடலுக்கும் இடையே எதுவும் காட்டாமல் இருப்பதை மட்டும் வைத்துக் காயில் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். மல்டிமீட்டரின் பேட்டரி அழுத்தத்தில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் தெரியும். எலக்ட்ரீஷியனிடம் மின்காப்பை 500 வோல்ட்டில் அளக்கும் மெக்கர் என்ற கருவி இருக்கும். அதில் 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் காயிலை மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து மார்கழியில் முதன்முதலாகப் போடும்போது மட்டும் விழுந்தால், காயிலுக்குள் இருக்கும் மின்காப்புத் தூள் ஈரத்தை இழுத்திருக்கக்கூடும். அதற்காக ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி லைன் கொடுத்துக் காயவைக்கும் வேலை வேண்டாம்.

எம்.சி.பி. போட்டவுடன் விழுந்தால் ஷார்ட். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தால் ஒன்று அது சிறிய எம்.சி.பி., இல்லையென்றால் அதன் முனைத் திருகு தளர்ந்து சூடாகிறது.

இன்ஸ்டன்ட் கீசர் சரியாகச் சுடவில்லை

3000 வாட் இன்ஸ்டன்ட் கீசரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடவிட்டால் தண்ணீரின் சூடு சுமார் 21 டிகிரிதான் உயரும். 4 லிட்டர் ஓடவிட்டால் 11 டிகிரிகூட உயராது. குழாயைக் குறைத்துத் திறந்து, ஒரு லிட்டர் ஜாடி நிறைய அரை நிமிடம் ஆகும்படி வைத்துப் பாருங்கள். அப்படியும் சுடவில்லை என்றால் மேலே சொன்ன சோதனைகளுக்குப் போகலாம்.

காயிலை மாற்றுவது

மின்சாரம் துண்டித்து, உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். பாதுகாப்பு வால்வின் வடிகால் குமிழையோ, உள்ளே வரும் குழாயின் நட்டையோ திறந்தால் 15 லிட்டர், அதாவது ஒரு வாளித் தண்ணீர் இறங்கும். சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள். கழற்றுமுன் வயர்கள் எங்கே மாட்டியிருக்கின்றன என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காயிலைத் தாங்கும் தகட்டின் நட்டுகளைக் கழற்றி காயிலைக் கீழே இழுங்கள். மிச்சத் தண்ணீரும் உப்புச் சேறும் கொட்டும், அடியில் வாளி இருக்கட்டும்.

தொட்டிக்குள் தளர்ந்து கிடக்கும் உப்பைக் கையால் அள்ளுங்கள். உளி, ஸ்குரூடிரைவர் கொண்டு சுரண்டினால் உள்பூச்சு பெயரும். பெயர்ந்த இடத்தில் துரு பிடித்துத் தொட்டியே ஓட்டையாகும். காயில் நன்றாக இருந்து உப்பு மட்டும்தான் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மின் முனைகள் நனையாமல் காயிலை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டாம், அது உலோகத்தையே தின்னும்.

மக்னீசியக் குச்சியையும் அப்போதே பாருங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்து தொட்டியைக் காப்பது அது. பாதிக்கு மேல் கரைந்து கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். காயிலைவிட மலிவு, ஆனால் சர்வீஸில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

புதுக் காயிலின் வாட், தகட்டின் அகலம், துளைகளின் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். ரப்பர் கேஸ்கெட் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பழையது அமுங்கிப்போய் ஒரு வாரத்தில் கசியும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வயர் மாட்டி முடித்ததும் உடனே ஸ்விட்ச் போடக் கூடாது. வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று புஸ்ஸென்று போய், தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராகக் கொட்டும்வரை காத்திருங்கள். காலித் தொட்டியில் போட்டால் புதுக் காயில் கொஞ்ச நேரத்திலேயே எரிந்துவிடும். மாற்றிய அன்றே இழந்தவர்கள் உண்டு. தகட்டின் விளிம்பில் கசிவு இல்லை என்று துணியால் துடைத்துப் பார்த்த பிறகே மூடியை மாட்டுங்கள்.

சுடும்போது பாதுகாப்பு வால்வில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டர் அளவுக்குப் பெருகும். அது போக இடம் வேண்டும். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். கீசர் அணைந்து ஆறிய பிறகும் ஒழுகினால் வால்வில் தூசியோ உப்போ சிக்கியிருக்கிறது, இல்லாவிட்டால் மேல்தொட்டியின் அழுத்தமோ பிரஷர் பம்ப்போ அதற்குத் தாங்காத அளவுக்கு இருக்கிறது. தொட்டியின் உடம்பிலேயே ஓட்டை விழுந்து ஒழுகினால் மட்டும் காயிலுக்கோ தெர்மோஸ்டாட்டுக்கோ காசு போடாதீர்கள்; பற்றவைத்தாலும் உள்பூச்சு எரிந்துபோகும், புதிய கீசர்தான் வழி.

போர் தண்ணீர் வீடுகளில் தெர்மோஸ்டாட்டை 50 முதல் 55 டிகிரிக்கு வைத்தால் உப்புப் படிவது மெதுவாகும். குமிழில் எண் போடாமல் கோடு மட்டும் இருந்தால், நடுவுக்குச் சற்று மேலே வைத்து, அணைந்தவுடன் குழாயில் பிடித்த தண்ணீரைச் சமையல் வெப்பமானியால் அளந்து சரிசெய்துகொள்ளலாம். உப்பு அதிகமுள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் ஐப்பசியிலேயே, காயிலை இறக்கிப் பார்த்துவிடுங்கள். மார்கழிக் காலையில் மெக்கானிக் கிடைப்பது கடினம்.